ஒரே வீட்டில் மூன்று சபை: முப்பதாம் நாள் பூசை, உத்தரிக்கிற ஸ்தலம், இரகசிய வருகை

வெண்ணாற்றங்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம். வீட்டுப் பெரியவர் காலமாகி மூணாம் நாள், ஏழாம் நாள் பூசை முடிஞ்சுது. அவர் ஆர்.சி. மனைவி பிறந்த வீடு டி.இ.எல்.சி. (லுத்தரன் சபை), இன்னைக்கும் அந்தக் கோவிலுக்குத்தான் போறாங்க. சின்ன மகன் பெந்தெகொஸ்தே சபை. முப்பதாம் நாள் சரியா நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்னிக்கே விழுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும்:

இறந்தவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு மூணு சபையும் நெஜமா என்ன போதிக்குது? பூசை எழுதிக் கொடுக்கிறது, கல்லறைத் திருநாள் பலன் (பாவத்துக்கான தண்டனை நீங்குறது), இதுக்கெல்லாம் முறை என்ன? "இயேசுவோட இரண்டாம் வருகை சமீபமா இருக்கு, பூசைக்குப் போடுற காசு தண்டம்"னு சின்னவர் சொல்றார், அதுக்கு வேதத்துல ஆதாரம் உண்டா?

இன்னொண்ணு. பெரியவரோட தம்பியும் ஆர்.சி.தான், போன வருஷம் தவறினார், எரிச்சாச்சு. சாம்பல் கலசம் இன்னும் வீட்டு அலமாரியில இருக்கு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில கரைச்சுடலாம்னு சம்பந்தி வீட்டுல சொல்றாங்க. கரைக்கலாமா?

சண்டை வேண்டாம், விவரம் போதும்.

---

கோவில்மணி எழுதியது:

தம்பி, ஆர்.சி. பக்கத்தை நான் சொல்றேன்.

ஆள் இறந்த கணமே தனித்தீர்வை, அதாவது அவருக்கான தனித் தீர்ப்பு. அதோடு முடிவு உறுதி, பிறகு மாறாது. நேரே மோட்சம், இல்லை உத்தரிக்கிற ஸ்தலம் வழியாக மோட்சம், இல்லை நரகம். உலக முடிவில் உடலோடு உயிர்த்தெழுதலும் பொதுத்தீர்வையும் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்தை "இரண்டாவது வாய்ப்பு" என்று நம்மவர்களே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. அங்கே இருக்கிற ஒவ்வொரு ஆன்மாவும் மீட்படைந்தது உறுதி, சுத்திகரிப்பு மட்டும்தான் பாக்கி. ஆதாரம் 2 மக்கபேயர் 12:38-46, 1 கொரிந்தியர் 3:11-15. திருச்சபையின் பொதுச்சங்கங்களில் லியோன் 1274, புளோரன்ஸ் 1439, திரெந்து 1563 ஆகிய மூன்றும் இதை அறுதியிட்டன. திரெந்து சங்கம் அதே ஆணையில் ஆயர்களுக்கு ஒரு கண்டிப்பும் வைத்தது: வீண் ஆராய்ச்சி, மூடநம்பிக்கை, பணம் பறிப்பு இதில் நுழையக்கூடாது என்று. அங்கே எத்தனை வருஷம், நெருப்பு எவ்வளவு சூடு என்பதெல்லாம் போதனையில் இல்லை. பழைய செபப் புத்தகத்தில் "300 நாள் பலன்" என்று போட்டிருக்கும். அது உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழியும் நாள் கணக்கு இல்லை, ஆதித் திருச்சபை விதித்த தவ நாட்களின் அளவு. அந்தக் கணக்கையே 1967ல் பாப்பரசர் ஆறாம் பவுல் நீக்கிவிட்டார்.

பூசை எழுதுவது: பங்கு அலுவலகத்தில் பெயர், தேதி, எந்தப் பூசை (காலையா, மாலையா) என்று சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். காணிக்கைத் தொகையை மறைமாநில ஆயர்கள் நிர்ணயிப்பார்கள். ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை, அதுதான் திருச்சபைச் சட்டம் (எண் 948). கருத்து என்றால் யாருக்காகப் பூசை என்பது; பல பெயரை ஒரே பூசையில் சேர்க்கும் கூட்டுக் கருத்து என்றால் கொடுப்பவருக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். அங்கேதான் மனத்தாங்கல் வருகிறது: தனிப் பூசை என்று நினைத்துக் கொடுத்திருப்பார்கள், அன்றைக்கு பதினைந்து பெயரோடு ஒன்றாக வாசிப்பார்கள். எழுதும்போதே "தனிக் கருத்தா, கூட்டா" என்று கேட்டுவிடுங்கள். காசு இல்லாதவர்களுக்குக் காணிக்கை வாங்காமலும் பூசை வைக்கும்படி சட்டம் 945 குருக்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறது. சின்னவர் "தண்டம்" என்கிறாரே, அவருக்கு இதைக் காட்டுங்கள். காணிக்கை பூசைக்கு விலை இல்லை.

முப்பதாம் நாள் பூசை வேறு, கிரகோரியார் பூசை வேறு. இரண்டாவது, ஒரே ஆன்மாவுக்காக 30 நாள் விடாமல் தொடர்ந்து ஒப்புக்கொடுப்பது. ஒரே குரு வைக்க வேண்டியதில்லை, ஒரே பீடமும் வேண்டியதில்லை, ஆனால் நாள் விடக்கூடாது. பங்கில் அடுத்தடுத்து மற்றவர்கள் கருத்து பதிவாகி இருப்பதால் இது பெரும்பாலும் நடக்காது. துறவற மடங்களிலோ ஓய்வு பெற்ற குருக்களிடமோ கேட்க வேண்டும்.

கல்லறைத் திருநாள் பலன்: நவம்பர் 1 முதல் 8 வரை, எந்த நாள் கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்தாலும், மனசுக்குள் செபித்தாலும்கூட, பரிபூரண பலன் (முழுத் தண்டனை நீக்கம்). அது இறந்தவர்களுக்கு மட்டுமே பயன்படும். 2ஆம் தேதி கோவிலைச் சந்தித்து பரலோக மந்திரமும் விசுவாச மந்திரமும் சொன்னாலும் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான். நிபந்தனை நாலு: பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நற்கருணை, பாப்பரசர் கருத்துக்காகச் செபம் (ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் போதும்), எந்தப் பாவத்திலும், அற்பப் பாவத்தில்கூட, பற்றுதல் இல்லாத மனசு. ஒரு பாவசங்கீர்த்தனம் பல பலன்களுக்குச் செல்லும், முன்னும் பின்னும் சுமார் 20 நாள் வரை. நற்கருணையும் பாப்பரசர் செபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனி. ஆக 8 நாளும் பெற நினைப்பவருக்கு 1 பாவசங்கீர்த்தனம், 8 நற்கருணை, 8 கல்லறைச் சந்திப்பு. இடறுவது நாலாவது நிபந்தனையில்தான். அது நிறையவில்லை என்றால் குறைபலன் ஆகிவிடும், வீணாகாது.

சாம்பல்: கரைக்கக்கூடாது. 1963லிருந்து எரிக்க அனுமதி உண்டு. ஆனால் 2016ல் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல், சாம்பலை நீரிலோ காற்றிலோ நிலத்திலோ தூவுவதையும், வீட்டுக்குள் வைத்திருப்பதையும், பங்கு பிரித்துக்கொள்வதையும் விலக்குகிறது. கல்லறைத் தோட்டம் மாதிரி புனிதமான இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் கொஞ்சம் தளர்வு வந்தது: சாம்பலில் மிகச் சிறு பகுதியை அவருக்கு முக்கியமான இடத்தில் வைப்பதை ஆயர் தரப்பு பரிசீலிக்கலாம், மீதி முழுவதும் புனித இடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது: பெரியவர் கல்லறையில், தலைமாட்டுப் பக்கம் இரண்டடி ஆழத்தில் கலசத்தோடு புதைத்துவிடலாம். பங்குச் சாமியிடம் முன்கூட்டியே கேட்டு, மந்திரிப்போடு (ஆசீர்வாதச் செபத்தோடு) செய்யுங்கள். சம்பந்தி வீட்டார் படித்துறைக்கு வந்து முழுகிவிட்டுப் போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. கலசம் மட்டும் ஆற்றுக்குப் போக வேண்டாம்.

---

சீயோன்வாசல் எழுதியது:

ஸ்தோத்திரம். பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு விசுவாச அறிக்கை கிடையாது. ஆனாலும் நம்ம பக்கத்துச் சபைகள் பெரும்பாலும் சொல்லித்தர்ற வரிசை இதுதான்: முதல்ல இரகசிய வருகை, சபை எடுத்துக்கொள்ளப்படுதல், அதாவது விசுவாசிகள் கர்த்தரைச் சந்திக்க மேகத்துல கொண்டுபோகப்படுறது (1 தெசலோனிக்கேயர் 4:16-17). வானத்துல கிறிஸ்துவின் நியாயாசனம் (2 கொரிந்தியர் 5:10), அது பலன் கொடுக்கிற இடம், நரகத்துக்கு அனுப்புற இடம் இல்ல. பூமியில ஏழு வருஷ உபத்திரவம், பிற்பாதி மூன்றரை வருஷம் மகா உபத்திரவம். அப்புறம் பகிரங்க வருகை, ஆயிர வருஷ அரசாட்சி. சாத்தான் கொஞ்சக் காலம் அவிழ்த்துவிடப்படுவான், பிறகு வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு, அக்கினிக் கடல், புதிய வானம் புதிய பூமி (வெளிப்படுத்தின விசேஷம் 20, 21).

இறந்த விசுவாசி இப்ப எங்கே? பரதீசுல, கர்த்தரோடு. கிறிஸ்துவுக்கு முன்னாடி பாதாளத்துலயே ரெண்டு பக்கம் இருந்துச்சு (லூக்கா 16), அவர் உயிர்த்த பிறகு பரதீசு மேலே போயிடுச்சுன்னு (2 கொரிந்தியர் 12:4) போதிப்பாங்க. இறந்தவருக்காக ஜெபம் கிடையாது, எபிரெயர் 9:27தான் காரணம்.

சின்னவர் சொல்றதுல ஒரு கோளாறு இருக்கு. வருகை சமீபம்ங்கிறதுக்காக இறந்தவர் விஷயத்துல அவசரமோ பயமோ வேண்டியதில்ல. உயிரோடிருக்கிற நாம் "நித்திரையடைந்தவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை"ன்னு 1 தெசலோனிக்கேயர் 4:15ல இருக்கு, கிறிஸ்துவுக்குள் மரித்தவங்கதான் முதல்ல எழுந்திருப்பாங்க. பவுல் அந்தப் பகுதியை எழுதினதே துக்கத்துல இருந்த சபையைத் தேத்துறதுக்கு. அதைத் துக்க வீட்டுல வாக்குவாதத்துக்கு எடுக்கிறது நியாயமில்ல.

வருகைக்குத் தேதி வைக்கிறவங்க பக்கம் போகாதீங்க. அமெரிக்காவுல வில்லியம் மில்லரோட கூட்டத்தார் 1844 அக்டோபர் 22ன்னாங்க, ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21ன்னார், ரெண்டும் பொய்த்துப்போச்சு. மத்தேயு 24:36 இருக்கும்போதே இந்தக் கூத்து. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கரையில 2004 சுனாமி, 2018 கஜா புயல்னு கடல் எழும்புனா லூக்கா 21:25ஐ எடுத்து "இதோ முடிவு"ன்னு சொல்லிடலாம், சுலபம். மாற்கு 13:8ல இதெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்னுதான் இருக்கு, முடிவுன்னு இல்ல.

---

தரங்கை அலை எழுதியது:

லுத்தரன் நிலை சொல்கிறேன். பெரியவரின் மனைவிக்கு, அந்த அம்மாவுக்கு, இதுதான் உதவும்.

விசுவாசியின் ஆத்துமா மரித்ததும் கிறிஸ்துவோடு இருக்கிறது (லூக்கா 23:43, பிலிப்பியர் 1:23). சரீரம் கடைசி நாளில் எழும். இடையில் உத்தரிக்கிற ஸ்தலம் இல்லை, 1537 ஸ்மால்கால்டு கட்டுரைகள் என்ற விசுவாச அறிக்கையில் லூத்தர் அதை அறவே தள்ளினார். ஆனால் "லுத்தரன்கள் இறந்தவருக்காக ஜெபிக்கவே கூடாது" என்று நம் சபையார் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆக்ஸ்பர்க் அறிக்கை என்ற எங்கள் விசுவாச அறிக்கைக்கு ஆதரவாக எழுதப்பட்ட தற்காப்புரை, 24ஆம் பிரிவு, ஆதித் திருச்சபை இறந்தவர்களுக்காக ஜெபித்ததை ஒப்புக்கொண்டு "அதை நாங்கள் தடுக்கவில்லை" என்கிறது. அது மறுப்பது, இராப்போஜனத்தை (நற்கருணையை) இறந்தவர் கணக்கில் பலியாகச் செலுத்துவதைத்தான். லூத்தர் 1528ல் இன்னும் தெளிவாக எழுதினார்: ஒருதரம், இரண்டுதரம் தனியாக ஜெபித்துத் தேவ இரக்கத்தில் ஒப்படைத்துவிடு, அதோடு போதும். அம்மா வீட்டில் அப்படி ஜெபித்தால் சபை ஐயர் (போதகர்) வந்து கண்டிக்கப் போவதில்லை.

ஆயிர வருஷ அரசாட்சியில் சீயோன்வாசலோடு எங்களுக்கு ஒத்துப்போகாது. 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை 17ஆம் பிரிவு, உயிர்த்தெழுதலுக்கு முன் பக்தர்கள் இந்த உலகத்தை ஆளுவார்கள் என்ற போதனையைத் தள்ளுகிறது. கத்தோலிக்க மறைக்கல்வி 676ஆம் எண்ணும் ஏறக்குறைய அதையே சொல்கிறது, ஆக இந்த இடத்தில் பெரியவரும் அம்மாவும் ஒரே கட்சி! வெளிப்படுத்தின விசேஷம் 20ன் ஆயிரத்தை நாங்கள் சபையின் காலம் முழுமைக்கும் அடையாளமாக வாசிக்கிறோம். இரகசிய வருகை, பிறகு பகிரங்க வருகை என்று இரண்டாகப் பிரிப்பது 1830களில் ஜான் டார்பி வழியாகப் பரவிய முறை, 1909ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. 1 தெசலோனிக்கேயர் 4ல் ஆரவாரம், பிரதான தூதன் சத்தம், தேவ எக்காளம் எல்லாம் இருக்கிறது. அதில் இரகசியம் எங்கே என்று சின்னவரைக் கேளுங்கள். "ஏழு வருஷம்" என்ற கணக்கும் வெளிப்படுத்தின விசேஷத்தில் அப்படியே கிடையாது. அங்கே இருப்பது 42 மாதம், 1260 நாள் (11:2-3, 13:5), அதாவது மூன்றரை வருஷம். தானியேல் 9:27ல் உள்ள ஒரு வாரத்தை ஏழு வருஷமாகக் கொண்டு எடுத்து வைத்தால்தான் ஏழு ஆகும். அந்த ஒட்டு சரியா என்பதில்தான் வழக்கே.

ஒரு இடைச்செருகல்: தமிழில் முழுப் புதிய ஏற்பாடு முதலில் அச்சேறியது எங்கள் தரங்கம்பாடியில்தான், 1715ல். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1707ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1718ல் பிரதிஷ்டை செய்த இரண்டாவதற்குப் புதிய எருசலேம் என்று பேர், வெளிப்படுத்தின விசேஷம் 21ல் உள்ள பேர். அடுத்த வருஷமே அவர் இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். இந்தக் கரையில் கடைசிக்காலப் பேச்சு அன்றைக்கே இருந்ததுதான்.

வேலைக்கு வருவோம். அம்மா பூசையில் உட்காரலாம், பாடலாம், செபிக்கலாம். நற்கருணைக்கு மட்டும் வரிசையில் போகவேண்டாம், சாமி தயங்கினால் எல்லார் முன்பும் சங்கடம். பூசை முடிந்த பிறகு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாமாலை, சங்கீதம் 90, யோவான் 11:21-27, வாழ்க்கைக் குறிப்பு, ஜெபம், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பூசை வாசகத்துக்கு 1 தெசலோனிக்கேயர் 4:13-18 கேட்டு வாங்குங்கள், அடக்கப் பூசை வாசகங்களில் அது இருக்கிறது. மக்கபேயர் வேண்டாம், அது எங்கள் வேதாகமத்தில் இல்லாததால் மூலையில் பேச்சு கிளம்பும்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். ஆதார் கார்டும் கியூ.ஆர். கோடும் வெளிப்படுத்தின விசேஷத்துல மிருகம் போடுற 666 முத்திரைதான்னு சின்னவரோட சபையில ஒருத்தர் சொல்லி, இவர் போன்ல காசு அனுப்பக்கூட யோசிக்கிறார். அப்புறம், கல்லறையில உடனே டைல்ஸ் போட்டுக் கட்டிடலாமா? 2ஆம் தேதிக்குள்ள முடிக்கணும்னு வீட்டுல அவசரப்படுறாங்க.

---

சீயோன்வாசல் எழுதியது:

வெளி. 13:16ல முத்திரை வலது கையில இல்லாட்டி நெற்றியில, அட்டையில இல்ல. 14:9ல மிருகத்தை வணங்குறதும் முத்திரை வாங்குறதும் சேர்ந்தே வருது. தெரியாம வாங்கிட்டு மாட்டிக்கிற சங்கதியா வேதம் அதைச் சொல்லல. பார்கோடு வந்தப்பவும் இதே பேச்சுதான் ஓடுச்சு. சில பழைய கையெழுத்துப் பிரதிகள்ல எண்ணே 616ன்னு இருக்கு. ரோமைப் பேரரசன் நீரோ இராயன் பேரை எபிரெயத்துல எழுதி எழுத்துகளோட எண் மதிப்பைக் கூட்டுனா 666ம் வரும், எழுதுற விதம் கொஞ்சம் மாறுனா 616ம் வரும். ஜீபே தாராளமா பண்ணச் சொல்லுங்க, ஓ.டி.பி.யை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

---

காரைச்சுவர் எழுதியது:

கட்டாதீங்க. ஒரு மாசக் கல்லறை. நம்ம டெல்டாக் களிமண் வெயில்ல வெடிக்கும், மழையில ஊறி இறங்கும். உள்ள பெட்டி இத்துப்போற வரைக்கும் மேல்மண் அமுங்கிக்கிட்டே இருக்கும். இப்ப சிமெண்ட் போட்டா ஐப்பசி, கார்த்திகை மழையிலயே நடுவுல விரிசல் விடும், தலைமாட்டுக் குருசு சாயும். ஒரு மழைக்காலம் முழுசா போகட்டும், மாசி, பங்குனியில கட்டுங்க. அதுவரைக்கும் ஒரு அடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி, ஓரத்துல செங்கல்லைச் சும்மா அடுக்கி, மரக்குருசு நட்டா போதும். மேடு தாழ்ந்தா மண் போட்டு ஏத்துங்க.

பழைய குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதா இருந்தா புரட்டாசியோட முடிச்சிருக்கணும். ஈரச் சுவர்ல அடிச்சா ஒட்டாது, ஒரு வாரத்துல பொருக்கு பொருக்கா உரிஞ்சு வரும். இனிமே பாசியைத் தேங்காய்நார் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு அப்படியே விடுங்க. மெழுகுவர்த்தியை கிரானைட் மேல நேரா ஒட்டாதீங்க, எண்ணெய்க்கறை இறங்கிடும், போகாது. எவர்சில்வர் தாம்பாளத்துல ஆத்துமணல் ரெண்டு விரற்கடை கொட்டி அதுல நட்டுவைங்க. மழைக்காத்துக்கு வாய் குறுகின கண்ணாடிக் குடுவை வேணும், சும்மா ஏத்துனா அஞ்சு நிமிஷம் நிக்காது. சாமந்தி, கோழிக்கொண்டை அழுகிடும்னு பிளாஸ்டிக் மாலை வாங்காதீங்க, அது வடிகால்ல அடைச்சுத்தான் கல்லறைத் தோட்டத்துல தண்ணி நிக்குது.

கலசம் புதைக்கிறதையும் தை மாசத்துக்குத் தள்ளுங்க. இப்ப ரெண்டடி தோண்டுனாலே ஊத்து வந்துடும்.

---

கோவில்மணி எழுதியது:

காரைச்சுவர் சொல்வது சரி, தைக்கே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கலசத்தைக் கோவிலில் வைக்க இடம் உண்டா என்று சாமியிடம் கேளுங்கள்.

தேதி விஷயம் விட்டுப்போச்சு. முப்பதாம் நாள் பூசையை 2ஆம் தேதி வைக்காதீர்கள். அன்று ஒரு குரு மூன்று பூசை வைக்கலாம், 1915ல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் கொடுத்த சலுகை அது. ஆனால் மூன்றில் ஒன்றுதான் காணிக்கை கொடுத்தவர் கருத்துக்கு. மற்றொன்று இறந்த எல்லா விசுவாசிகளுக்கும், இன்னொன்று பாப்பரசர் கருத்துக்கும். அந்த ஒன்றுக்குப் பங்கே போட்டி போடும். கல்லறைத் தோட்டத்தில் நடக்கிற பூசையில் உறையில் எழுதிக் கொடுக்கும் பெயர்கள் எல்லாம் சேர்த்துத்தான், ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பூசை இல்லை.

முப்பது என்பது வழக்கம், ஒரு நாள் தள்ளினால் குற்றமில்லை. 3ஆம் தேதி மாலைப் பூசையைத் தனிக் கருத்தாக எழுதுங்கள். அந்த நாள் வாரநாளாக இருந்தால் இறந்தோர் பூசை செபங்களையே வைக்கலாம், தடை கிடையாது. ஞாயிறாக இருந்தால் கருத்து மட்டும் பெரியவருக்கு, செபங்கள் ஞாயிறுக்கு உரியவை. 1 தெசலோனிக்கேயர் வாசகமும் அன்று கிடைக்காது, அப்போது இறந்தோர் பூசை வைக்கத் தடை இல்லாத அடுத்த வாரநாள் எது என்று சாமியிடம் கேட்டு அதற்குப் போய்விடுங்கள். 2ஆம் தேதி காலையில் கல்லறைக்குப் போய், நான் மேலே சொன்ன பலனைப் பெரியவருக்காக ஒப்புக்கொடுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு அன்று காலை வரிசையில் நிற்க வேண்டாம், கூட்டம் தாங்காது. முந்தின வாரமே முடித்துவிடலாம்.